வளர வளரப் போட

"அளவெடுக்கணும்னா பையனைக் கூட்டிட்டு வரணும்மா. சும்மா நூலைக் கொண்டுவந்து நீட்டினா எப்படி?"

தையலக்கா அலுத்துக்கொண்டாள். எதிரே நின்ற பெண் நூலில் போட்டிருந்த முடிச்சுகளைத் தொட்டுக் காட்டினாள். "இது தோள். இது மார்பு. இது கை நீளம். அவனால வர முடியாதுக்கா."

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் எதிரே, மருந்துக்கடையை ஒட்டி இருந்தது அந்தத் தையல்கடை. பழைய துணி மூட்டைகளை வாங்கி, நைந்த இடத்தை வெட்டித் தள்ளிவிட்டு, நல்ல இடத்தில் குழந்தைகளுக்குச் சட்டையும் கவுனும் தைப்பதுதான் தையலக்காவின் பிழைப்பு. மிஞ்சுகிற துண்டில் முயல், யானை என்று பொம்மை செய்து வாசலில் தொங்கவிடுவாள். அவள் புருஷன் மூலையில் உட்கார்ந்து பழைய சட்டைகளிலிருந்து பொத்தான்களைப் பிரித்துக் கொடுப்பார்.

அந்தப் பெண் பையைக் கவிழ்த்தாள். எல்லாம் பெரிய ஆண்பிள்ளைச் சட்டைகள். துவைத்துத் தேய்த்து மடித்தவை.

"அவங்கப்பாவோடது. அப்பா மாதிரியே வேணும்கிறான். இப்ப ஆறு வயசு. இந்த அளவுக்கு ஒண்ணு. அப்புறம் எட்டு வயசுக்கு, பத்து வயசுக்கு, காலேஜ் போற வயசுக்கு… எல்லாம் ஒரேயடியா வேணும்க்கா."

மூலையிலிருந்து சிரிப்பு வந்தது. "ஏம்மா, காலேஜுக்கு இப்பவே சட்டை தைச்சிட்டா, அப்புறம் சட்டைக்காகவாவது புள்ளை படிச்சே ஆகணுமே!"

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

தையலக்கா நூலை அளவு நாடாவில் வைத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தை நெரித்தாள். "ஆறு வயசுன்னு சொல்றே. மார்பளவு நாலு வயசுக்குத்தான் வருது. புள்ளைக்கு வேளாவேளைக்கு ஏதாவது கொடுக்கிறியா, இல்லையா?"

"கொடுக்கிறேன்க்கா" என்றாள். விறுவிறுவென்று சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாள்.

"விவரங்கெட்டவளா இருப்பா போல" என்றார் புருஷன். "புள்ளை எந்த வயசுல எப்படி வளரும்னு யாருக்குத் தெரியும்? அப்பப்ப தைச்சுக்கிட்டா ஆகாதா?"

தையலக்கா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கழுத்தெலும்பு எப்படித் துருத்திக்கிட்டு நிக்குது பார்த்தீங்களா? முகத்துல பொட்டு ரத்தமில்லை. தினமும் அந்த வாசல்ல நுழையறதைப் பார்க்கிறேன். ஏன் எல்லாத்தையும் ஒரேயடியாத் தைக்கச் சொல்றான்னு இன்னுமா புரியலை?"

அவர் கையிலிருந்த பொத்தான் நழுவி உருண்டது.

தையலக்காவுக்குத் தன் நாக்கையே அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாளை எண்ணிக்கொண்டிருப்பவளிடம் போயா அப்படிக் கேட்டோம்? தையலக்காவின் தங்கையும் இப்படித்தான் உருகிப் போய்ச் சேர்ந்தாள், கைக்குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டு. "எங்கம்மா எனக்குன்னு ஏதாவது வச்சிட்டுப் போனாங்களா பெரியம்மா?" என்று அந்தக் குழந்தை வளர்ந்து கேட்டபோதெல்லாம் தையலக்கா பேச்சை மாற்றத்தான் செய்தாள்.

மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தாள். அப்பன் சட்டையின் காலரையும் பையையும் சேதமில்லாமல் பிரித்து, சின்னதாக்கி, மகன் சட்டையில் வைத்தாள். ஒவ்வொரு தையலின் உள்ளேயும் தாராளமாகத் துணி விட்டாள்.

இடையில் ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொல்றாங்க?"

"இனிமே மருந்து கேட்காதுன்னு சொல்லிட்டாங்கக்கா. வீட்டுக்குப் போயிடலாமாம்."

"பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் முன்னாடி நான் அழறதே இல்லை."

"வீட்டுக்காரர்?"

"வேலைக்குக்கூடப் போறதில்லை. கட்டிலை விட்டு நகர மாட்டேங்கிறாரு."

தையலக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் மடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். "இதை மட்டும் வெட்டாதீங்க. கை ஓரத்துல கிழிஞ்சிருக்கு, அதைத் தைச்சா போதும். இது அவன் கல்யாணத்துக்கு."

புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

சட்டைகளை வாங்கிப்போக அவள் வந்தபோது, சின்னது மேலாகப் பெரியது கீழாக அடுக்கி வைத்திருந்தாள் தையலக்கா.

"உள்ளே துணி விட்டிருக்கேம்மா. ஒல்லியா வளர்ந்தாலும் குண்டா வளர்ந்தாலும் கவலையில்லை, பிரிச்சு விட்டுக்கலாம். எந்த வருஷம் பத்தலைன்னாலும் இங்க அனுப்பச் சொல்லு, நான் இருக்கேன். ஒவ்வொண்ணையும் போடறப்போ, எங்கம்மா எனக்குன்னு வச்சிட்டுப் போனதுன்னு நினைச்சுக்குவான். நீ மனசை அலட்டிக்காம…" தையலக்கா சட்டை அடுக்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் விழித்தாள். விளங்கியதும் மெதுவாகத் தலையாட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, அவனுக்குத்தான்" என்றாள். "பெரியவனானா நான் எப்படிம்மா இருப்பேன்னு கேட்டுக்கிட்டே இருக்கான், இன்னிக்குக் கொஞ்சம் தெம்பா எழுந்து உட்கார்ந்திருக்கான், எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுக் கண்ணாடியில காட்டிடணும்."