மக்கர்

“கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னு போச்சுங்கய்யா,” என்றார் டைப்பிஸ்ட்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “சரி. அஞ்சு நிமிஷம்.”

மொழிபெயர்ப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு சாட்சிக்கே இது மூன்றாவது தடவை.

கூண்டில் நிற்கும் பெண்ணுக்குக் கோர்ட்டில் பேசும் பாஷை தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று இவள் மாற்றிச் சொல்ல வேண்டும். ‘அவள் சொல்கிறாள்’ என்றெல்லாம் சொல்லக்கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அது விதி.

‘முடியைப் பிடிச்சு இழுத்தான். நான் கத்தலை. பிள்ளை முழிச்சுக்கும்னு கத்தலை.’

ஒன்பது வருஷமாக யார் யாரோ வாங்கிய அடியெல்லாம் இவள் வாய் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. இன்று காலைகூடக் கணவன் கேட்டான். “தூக்கத்துல ‘கதவைத் திறங்க’ன்னு கெஞ்சினியே, யாரு பூட்டினது?”

யாரும் பூட்டவில்லை. அது போன மாதத்துச் சாட்சி சொன்னது.

ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் இந்த டைப்பிஸ்ட் விடுவதில்லை. வக்கீல்கள் அவருக்கு ஆமை என்று பேர் வைத்தது சரிதான்.

வராந்தாவுக்குப் போனாள். முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஆமையை மனதுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

சாயங்காலம் நேராகக் கோர்ட் மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், ஒண்ணு அந்தக் கம்ப்யூட்டரை மாத்துங்க. இல்லைன்னா ஆளை மாத்துங்க. என்னால முடியலை.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “புது மெஷினும்மா. மூணு தடவை ஆள் வந்து பார்த்தாச்சு. ஒரு கோளாறும் இல்லை.”

“அப்புறம் எப்படி சார் நிக்குது?”

“அதான் எனக்கும் புரியலை. நிலத் தகராறு, வாடகைத் தகராறுன்னு எத்தனையோ ஓடுது. ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லை. நீங்க வர்ற கேஸ்லதான் நிக்குது.”

விறுவிறுவென்று கோர்ட் ஹாலுக்கு வந்தாள். டைப்பிஸ்ட் கம்ப்யூட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், வேணும்னே பண்றீங்களா?”

“ஆமாம்மா,” என்றார் அவர்.

அவள் அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

“சாட்சி மேல இரக்கம்னா ஐயாகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே? நடுவுல நான் அந்தரத்துல நிக்கணுமா? என் பொண்ணு தினமும் ஸ்கூல் வாசல்ல காத்துக்கிட்டு இருக்கா சார்!”

“சாட்சிக்காக இல்லைம்மா. சாட்சி அழுதா ஐயாவே நிறுத்தி, தண்ணி கொடுக்கச் சொல்லிடுவார்.”

“பின்னே?”

உறையின் ஓரத்தை இழுத்துவிட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“‘நான்’னு சொல்றப்போ உங்க குரல் உடையுதும்மா. அதுக்காக நிறுத்தறதுக்கு இங்கே யாரும் இல்லையே.”