மரம் இருக்கும் இடம்

"டொம்" என்றால் உள்ளே ஒன்றுமில்லை. "டக்" என்றால் மரம்.

காதைச் சுவரில் வைத்து, விரல் மொழியால் தட்டிக்கொண்டே போனேன். அரை மணித்தியாலமாக எனக்குக் கேட்டதெல்லாம் டொம்.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் அண்ணையின் வீடு நூறு வருடத்துக்கும் மேல் பழசு. சுவர் என்று நாங்கள் இவ்வளவு காலமும் நம்பியிருந்தது, மெல்லிய மரச் சலாகைகளை வரிசையாக ஆணியடித்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசிய ஒரு பெரிய பொய். உள்ளே ஆங்காங்கே நிமிர்ந்து நிற்கும் மரக்கால்கள் மட்டும்தான் பாரம் தாங்கும். அறையைச் சூடாக்கும் றேடியேட்டரை அவற்றில்தான் பூட்ட வேண்டும்.

இந்த ஞானம் முதல் ஓட்டை போட்ட பிறகுதான் வந்தது.

ஒரு தாச்சி நிறையச் சாந்து என் காலில் கொட்டியது. கூடவே, சாந்து உதிராமல் இருக்க அந்தக் காலத்தில் கலந்த குதிரை மயிர். என் தலையில் இல்லாதது சுவருக்குள் இருந்தது.

குழாய் பொருத்த நாளைக்கு ஆள் வருகிறார். மாட்டுவது என் பொறுப்பு என்று அண்ணியிடம் வீரம் பேசியவன் நான்தான்.

பாரிசவாதம் வந்ததிலிருந்து அண்ணையின் இடது கை அசையவில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சிக்கென்று ஒதுக்கிய இந்தப் பின்னறைக்கு, குளிர் என்று சாட்டுச் சொல்லி, ஒரு மாதமாக வர மறுக்கிறார். இப்படியே விட்டால் கை இறுகிப் போய்விடும் என்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை எச்சரித்துவிட்டுப் போனாள்.

அறை சூடானால் சாட்டு இல்லை. என் திட்டம் அவ்வளவுதான்.

மறுபடி தட்டினேன். டொம். டொம்.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அண்ணையின் குரல் வந்தது.

"டேய், ஆருக்கடா கலியாணம்? மேளம் அடிக்கிறாய்."

"மரம் தேடுறன் அண்ணை!"

"மிச்சம் முழுக்க மரம் நிக்குது. இவர் சுவருக்கை தேடுறார்."

இன்னொரு தட்டுத் தட்டினேன். டொம்.

அந்தப் பக்கமிருந்து நக்கலாக ஒரு தட்டு வந்தது.

டக்.

என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி. உடனே அங்கே ட்ரில்லை வைத்தேன். இந்த முறை சாந்து கொட்டவில்லை. ட்ரில் மரத்தைக் கடித்துப் பிடித்தது.

நன்றி சொல்லப் போனேன். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்ததற்கே நான் அண்ணையிடம் இன்னும் நன்றி சொன்னதில்லை. மரத்துக்காவது சொல்லலாம் என்று நினைத்தேன்.

அண்ணை தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கையில் தேத்தண்ணிக் கோப்பை, விளிம்பு முட்ட. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கட்டிலின் இடது பக்கம்தான் சுவரோடு ஒட்டியிருக்கிறது.

"என்னடா முழிசுறாய்? மரம் கிடைச்சுதோ?"

வாயைத் திறந்தேன். சொன்னால் அந்தக் கை வெட்கப்பட்டு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இல்லை அண்ணை," என்றேன். "இன்னொருக்காத் தட்டுங்கோ."