எருமை நினைப்பு

காசியில், சாவதற்கென்றே வந்து தங்கும் விடுதி அது. அப்பா பைஜ்நாத்தின் வாயில் கங்கை நீரை விட்டபடி லல்லன் கெஞ்சினான்.

"ராமான்னு சொல்லுங்க பாபுஜி."

"நம்ம எருமை கன்னு போட்டுச்சா?"

லல்லனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடைசியில எதை நினைக்கிறோமோ அதுவாத்தான் பிறப்போம்னு நீங்கதானே சொல்லுவீங்க? இப்படியே கேட்டுட்டிருந்தா அந்த எருமைக்கே கன்னாப் பிறப்பீங்க!"



மாலையில் ஊரிலிருந்து போன் வந்தது.

"போட்டுடுச்சாம் பாபுஜி, கிடேரிக் கன்னு. இனியாவது மனசை ராமன்கிட்ட வைங்க."

பைஜ்நாத்தின் முகம் வாடியது.

"அப்போ அதோட வயித்துல எனக்கு இடமில்லையா? உன் கையால புல்லு தின்னுக்கிட்டு உன் வீட்டுலயே கிடக்கலாம்னு பார்த்தேன்டா... சரி, நீ ராம நாமம் சொல்லு. நான் கூடவே சொல்றேன்."

சொல்ல இப்போது லல்லனுக்குத்தான் வாய் வரவில்லை.