முட்டி இடிக்கிற தூரம்

"இன்னும் கொஞ்சம் கிட்டக்க போடுங்கோன்னா. முட்டி இடிக்கணும். அப்பதான் நம்மாத்துல இருந்த மாதிரி இருக்கும்" என்றாள் வேம்பு.

அவள் கணவர் அனந்தராமன் இரண்டு பிரம்பு நாற்காலிகளையும் எதிரெதிரே நெருக்கிப் போட்டார். வேம்பு அட்டைப்பெட்டியைக் கிளறி, டபரா டம்ளர்களை எடுத்து, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேம்பு, கபாலி கோயில் மணி கேக்கறதா?"

"அது கிண்டி ரயில்னா."

"நீயும் கண்ணை மூடிக்கோயேன்."

மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாம், கேக்கறது. சாயரட்சை ஆரம்பிச்சுட்டா போலிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு இருவருமே கண்ணைத் திறக்கவில்லை.

"சார், மணி ஆறாய்ட்ச்சு. ஷட்டரை இழுத்து மூடணும்."

சாமான் போட்டுவைக்க அறைகளை வாடகைக்கு விடும் அந்தக் கிடங்கின் காவலாளி வாசலில் நின்றிருந்தான்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. வீட்டைத்தான் வித்துட்டீங்களே, சாமான் இன்னாத்துக்கு இங்க கீது? உங்க புள்ளையும் பொண்ணும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமில்ல?"

"நாப்பது வருஷமா ஒண்ணா இருந்த சாமான், பிரிக்கவே கூடாதுன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாப்பா" என்றாள் வேம்பு, டம்ளர்களைத் துடைத்தபடி.

வெளியே இரண்டு ஆட்டோக்கள் காத்திருந்தன. அடையாறில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு ஒன்றில் அனந்தராமன் ஏறினார். ஆழ்வார்பேட்டையில் இருக்கும் பெண் வீட்டுக்கு இன்னொன்றில் வேம்பு ஏறினாள்.