பாக்கெட்டில் இருக்கிற மூஞ்சி

என் பேரு இசக்கிமுத்து, வயசு இருபத்தஞ்சு, ஷார்ஜால இருந்து எழுதுறேன். நான் வேல பாக்குற பிஸ்கட் கம்பெனி, நான் சிரிக்கிற மூஞ்சிய லோகோவா டிரேட்மார்க் பதிஞ்சிருச்சு. சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நான்தான். இப்ப பிஸ்கட் பாக்கெட்டுல அந்த மூஞ்சி பேசுது. நான் வீடியோ கால்ல வந்தா, அந்த மூஞ்சி கம்பெனிக்குச் சொந்தம்னு வீட்டு போன் என் மூஞ்சிய மறைச்சு 'போலி'ன்னு காட்டுது.

நேத்து என் பொண்டாட்டி செவ்வந்தி, "யாரு நீங்க? எங்க வீட்டுக்காரர் இங்க பாக்கெட்டுல பேசிக்கிட்டுல்லா இருக்காரு. பாப்பா அவர் சொன்னாத்தான் சோறே திங்கா"ன்னா. பின்னாடி என் சிரிப்பு கேட்டுச்சு. நான் சிரிக்கல.

அதுக்கப்புறம் அவ போன் எடுக்கல. அந்த மூஞ்சிக்குப் பேசவும் சிரிக்கவும் மட்டும்தான் தெரியும். இதப் படிக்கிறவங்க யாராச்சும் சுரண்டைல எங்க வீட்டுக்குப் போயி, செவ்வந்திகிட்ட அத ஒரு தடவ அழச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க.