காற்று நின்ற நாள்

இருபது நொடி. படம் துளிகூட ஆடவில்லை.

ஸ்டூடியோ மானிட்டரில், நான் ட்ரோனில் எடுத்த பனியன் கம்பெனிக் கட்டடம் மேசைமேல் வைத்த பொம்மைபோல் நின்றது. அருள்செல்வன் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இப்படி நிக்கோணும் அம்மிணி, ஹெலிகேம்னா. நாலு நாளா காத்து, காத்துன்னு எனக்குக் கதை சொன்னியே!"

நான் சிரித்தேன். உயிர் வந்தது போலிருந்தது.

ஆறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான் அண்ணன் தன் ஸ்டூடியோ ட்ரோனை என் கையில் கொடுத்தார். பொங்கல் லீவு முடிவதற்குள் இருபது நொடி ஆடாமல் எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ட்ரோனுக்கு வேறு ஆள், எனக்குப் பழையபடி செக்கிங் டேபிள். அதற்காகச் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக்கூட நான் போகவில்லை.

லீவு விட்டால் நல்லூரில் எங்கள் தெரு காலியாகிவிடும். மெஷின் சத்தம் இருக்காது. கம்பெனி வாசலில் லாரி நிற்காது. டீக்கடைகூடத் திறக்காது. நாய்கள் நடுரோட்டில் படுத்திருக்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கற்றுக்கொண்டதை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குகளையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் வெடுக்கென்று திருப்பக் கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னால் காற்று பார்க்க வேண்டும். இலையோ துணியோ அடித்துக்கொண்டால் படமும் ஆடும்.

எனக்கு ஒரு துணி கிடைத்தது.

அந்தக் கம்பெனியை ஒட்டி ஒரு தையல் யூனிட், லீவுக்குப் பூட்டிக் கிடந்தது. மூன்றாவது மாடியில் எக்ஸாஸ்ட் பேன் கழற்றிய ஓட்டை. அதிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட். வேஸ்ட் துணி தொங்காத ஜன்னல் இந்த ஊரில் எது?

போகியன்று அது படபடவென்று அடித்தது. ட்ரோனை ஏற்றினேன். படம் குலுங்கியது.

அண்ணன் கூட இருந்தார். "காத்தா? தென்னை ஓலை ஒண்ணாச்சும் அசையுதா பாரு. ஆடறது உன்ற கைதான்."

"அங்க பாருங்கண்ணே, செவப்புத் துணி எப்படி அடிக்குதுன்னு!"

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். எனக்கு ஒரு நாள் கிடைத்தது.

பொங்கலன்று தனியாகப் போனேன். ட்ரோன் அந்தப் பக்கம் திரும்பியதும் துணி இன்னும் வேகமாக அடித்தது. இறக்கைக் காற்று படுகிறது என்று நினைத்து விலக்கிக்கொண்டேன். ட்ரோன் போடும் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது.

மாட்டுப்பொங்கலன்று விட்டு விட்டு அடித்தது. "காற்று சீராக இல்லை" என்று நோட்டில் எழுதினேன்.

நான்காம் நாள் அரை மணி நேரம் காத்திருந்தேன். துணி சும்மாதான் இருந்தது. நான் ட்ரோனை ஏற்றியதும், மெல்ல ஒருமுறை மேலே போய்க் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. என் கை பதறிப் படம் கெட்டது.

"நின்னு தொலையேன்" என்று அதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.

இன்று காலை நின்றிருந்தது. நேராகத் தொங்கியது. பேட்டரி மாட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்று படம் கிடைத்துவிடும்.

"மொத நாள் எடுத்ததையும் பக்கத்துல போடு. எவ்வளவு தேறியிருக்கேன்னு பாக்கலாம்" என்றார் அண்ணன்.

இடது பக்கம் போகி. வலது பக்கம் இன்று.

ஒரு பீஸை வைத்து அடுத்த பீஸைப் பார்ப்பது செக்கிங்கில் பழகியது. இடது பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படம் மொத்தமும் குலுங்கியது. ஆனால் படத்துக்குள்ளே தென்னை ஓலை அசையவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த சேலை அசையவில்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

அசைந்தது அந்தத் துணி மட்டும்.

பொங்கலன்று எடுத்ததைத் திறந்தேன். ட்ரோனுக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே ரோடு முழுவதும் கிடந்தது. இறக்கைக் காற்று ரோட்டைத் தாண்டாது.

இன்றைய படத்தைப் பெரிதாக்கினேன். ஆடாத படம். அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

துணி எதிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. அதன் மேல் முனையில் நான்கு விரல்கள். மணிக்கட்டில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

"அண்ணே, அந்தப் பக்கத்து யூனிட் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"வாட்ச்மேன் கன்னையன்கிட்ட. போகிக்கு மொத நாளே பூட்டிப்போட்டு ஊருக்குப் போயிட்டான். புதங்கெழமைதான் வருவான். ஏனம்மிணி?"

நான் விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அப்புறம் மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன், கண்ணைத்தான் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

மானிட்டரில் அந்த இருபது நொடி மறுபடி முதலிலிருந்து ஓடியது.

ஏதாவது ஆடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.