சொட்டுகிற குழாய்

பிளம்பர் வீட்டுக் கொல்லைக் குழாய் அன்று காலையும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்துதானே புது வாஷர் போட்டேன்!" என்று தலையைச் சொறிந்தார் பிளம்பர். அவர் ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. இறுக்கி மூடிய குழாய் சொட்டினால், உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்க வேண்டும். இரவு தன் கையாலேயே இறுக்கி மூடியிருந்தார். மாற்றியதோ மூன்றாவது வாஷர்.

"ஊர்க் குழாயெல்லாம் உங்க பேச்சைக் கேட்டுச்சு. நம்ம வீட்டுக் குழாய் என்னை மாதிரி போல!" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கைத்தொழில் கைவிட்டுப் போய்விட்டதோ என்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போதே ஜன்னலோரம் போய் நின்றார். மனைவி வந்து குழாயின் கைப்பிடியை மயிரிழை அளவு திருப்பினாள். தண்ணீர் சொட்டியது. உடனே ஒரு சிட்டுக்குருவி பறந்து வந்து, குழாயின் விளிம்பில் தொற்றிக்கொண்டு குடித்தது.

"அடிப்பாவி, நீதானா?"

"வருஷக்கணக்கா வருதுங்க. நீங்கதான் விடியுமுன்னே வேலைக்கு ஓடிடுவீங்களே. ஒரு சொட்டு வீணானாலும் தெருவையே திட்டுற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"தட்டுல ஊத்தி வைக்கலாமே?"

"வெச்சுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கல. சொட்டுனாத்தான் வருது."

குருவி குடித்து முடிக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு குழாயைக் கழற்றி, புது வாஷரின் ஓரத்தில் பிளேடால் மெல்லிய கீறல் ஒன்று போட்டுப் பொருத்தினார். அடியில் ரோஜாத் தொட்டியை நகர்த்தி வைத்தார்.

"இனி எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டும். குருவி குடிச்ச மிச்சம் செடிக்கு."